கம்பியில்லா இணைப்பு ஏன் அடிக்கடி அறுகிறது? – ஒரு வரலாறு

முன்னுரை

மடிக்கணினியில் இணையம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. திரையின் மூலையில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. கணினியை அணைத்துப் போடுகிறார்கள். ரௌட்டரின் வயரைப் பிடுங்கிச் செருகுகிறார்கள். மேசையிலிருந்து எழுந்து கட்டிலில் போய் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சில நேரம் சரியாகிவிடும். ஏன் கெட்டது, ஏன் சரியானது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்தக் கோளாறுகள் தற்செயலாக வருபவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த ஆண்டில், யார், எந்தக் காரணத்துக்காக எடுத்த முடிவால் அது பிறந்தது என்று சொல்லிவிடலாம். அந்த வரலாறு தெரிந்தால் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழியும் தானாகவே புலப்படும்.

ஹவாய்த் தீவுகளில் தொடக்கம்

பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஹவாய், பல தீவுகளால் ஆனது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஒரு தீவிலும், அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் வேறு தீவுகளிலும் இருந்தார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பது செலவும் தொல்லையும் நிறைந்த வேலை. பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் வானொலி அலை வழியாகக் கணினிகளை இணைக்க முடிவு செய்தார்கள். 1971 ஜூன் மாதத்தில் 'அலோஹாநெட்' இயங்கத் தொடங்கியது.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசினால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது இரண்டு பேச்சும் கெட்டுப்போகும். ஆப்ராம்சன் சொன்ன தீர்வு மிக எளிமையானது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பட்டும். 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால் செய்தி மோதிவிட்டது என்று பொருள். சிறிது நேரம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைக் குலுக்கல் போல ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதே இருவர் மீண்டும் மோதிக்கொள்வார்கள்.

இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்குக் காட்டியது. பேசுபவர்கள் கூடக் கூட மோதல் கூடும். ஓர் எல்லைக்கு மேல் யாருடைய பேச்சும் போய்ச் சேராது. பின்னாளில் வந்த வைஃபையில் 'முதலில் கேள், காலியாக இருந்தால் பேசு' என்ற விதி சேர்ந்ததால் நிலைமை மேம்பட்டது. ஆனாலும் 'பதில் வராவிட்டால் பொறுத்திரு, மறுபடி அனுப்பு' என்ற ஹவாய் முறைதான் இன்றைக்கும் அடிப்படை. இணைப்பு 'மெதுவாகிறது' என்று நினைக்கும் பல நேரங்களில், உள்ளே ஒரே செய்தி மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டுக் கொண்டிருக்கிறது என்பதே உண்மை.

யாருக்கும் சொந்தமில்லாத அலைவரிசை

வைஃபையின் பெரும்பாலான தொல்லைகளுக்கு ஊற்று, அது குடியிருக்கும் இடம். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் கருவிகளுக்காக மேக்னட்ரான் என்னும் குழல் ஏராளமாகத் தயாரானது. போர் முடிந்தபின் அதே குழலைக் கொண்டு உணவைச் சூடாக்கும் அடுப்பை அமெரிக்காவின் ரேதியான் நிறுவனம் உருவாக்கியது. இப்படிப்பட்ட கருவிகள் வானொலித் தகவல் தொடர்பைக் கெடுக்காமல் இருக்க, 1947ல் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கியது. தண்ணீர் மூலக்கூறு இந்த அலைவெண்ணில்தான் அதிர்கிறது, அதனால்தான் அடுப்புக்கு இது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பலரும் சொல்வது உண்மையல்ல. தண்ணீர் வேறு பல அலைவெண்களிலும் சூடாகும்.

ஆக, இது இரைச்சலுக்கென்றே ஒதுக்கப்பட்ட பகுதி. தகவல் தொடர்புக்கு உதவாத குப்பைமேடு என்றே பொறியாளர்கள் கருதினார்கள். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தில் பணியாற்றிய மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் வேறு விதமாகச் சிந்தித்தார். அலையை ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி அனுப்பினால் இரைச்சலுக்கு நடுவிலும் பேச முடியும் என்பது இராணுவத்தில் முன்பே தெரிந்த நுட்பம். அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று அவர் வாதாடினார். 1985 மே மாதத்தில் ஆணையம் அப்படியே ஆணையிட்டது.

அந்த அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. இங்கே பேச உரிமம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஆனால் எந்த இடையூறு வந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் முறையிட முடியாது. பக்கத்து வீட்டு அடுப்பு இணைப்பை அறுத்தால் சட்டப்படி அது குற்றமல்ல. தொலைக்காட்சி நிலையத்துக்கும் கைபேசி நிறுவனத்துக்கும் இருக்கும் பாதுகாப்பு வீட்டு ரௌட்டருக்குக் கிடையாது. இந்தியாவில் இந்த 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதி 2005 ஜனவரியில் இதே போல் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது.

கல்லாப்பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு

இந்தத் திறப்பை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களில் என்.சி.ஆர். நிறுவனம் முக்கியமானது. கடைகளுக்குக் கல்லாப்பெட்டி செய்து விற்ற நிறுவனம் அது. பெரிய கடைகளில் பொருட்களை இடம் மாற்றி அடுக்கும்போதெல்லாம் கல்லாவுக்கும் புதிதாக வயர் இழுக்க வேண்டியிருந்தது. இதற்காக நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியாளர்கள் 'வேவ்லான்' என்ற கம்பியில்லா இணைப்பை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதிகளை வகுக்கும் 802.11 குழுவுக்கு 1990 முதல் பத்து ஆண்டுகள் தலைவராக இருந்தார். 1997ல் முதல் விதி வெளியானது. அதன் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999ல் 11 மெகாபிட் வேகத்துடன் 802.11பி வந்தது. அதே ஆண்டில்தான் 'வைஃபை' என்ற பெயரும் சூட்டப்பட்டது.

1999 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் மடிக்கணினியை நியூயார்க்கில் அறிமுகம் செய்தது. மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் கணினியைச் சுற்றி ஒரு வளையத்தை ஓட்டிக் காட்டி, வயர் எதுவும் இல்லை என்று நிரூபித்தார். வித்தைக்காரர் செய்வது போன்ற அந்தக் காட்சியைக் கண்டு அரங்கம் கைதட்டியது. வயர் போனபோது வயர் தந்த உறுதியும் கூடவே போனது என்பது அந்தக் கைதட்டலில் யாருக்கும் நினைவில் இல்லை.

விதி எழுதியவர்களுக்கு அது தெரியும். 'முதலில் கேள், பிறகு பேசு' என்ற விதிக்குள்ளேயே ஓர் ஓட்டை இருப்பதை 1975லேயே டொபாகியும் கிளைன்ராக்கும் எழுதியிருந்தார்கள். நடுக்கூடத்தில் ரௌட்டர் இருக்கிறது. வீட்டின் ஒரு கோடியில் ஒரு மடிக்கணினி, மறுகோடியில் இன்னொன்று. இரண்டுக்கும் ரௌட்டரின் குரல் கேட்கும். ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது. இரண்டும் 'காலியாக இருக்கிறது' என்று நினைத்து ஒரே நேரத்தில் பேசும். ரௌட்டரிடம் இரண்டும் மோதிக்கொள்ளும். இதற்கு 'மறைந்த முனைச் சிக்கல்' என்று பெயர். கோடுகள் நிறைய இருந்தும் இணைப்பு தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு உண்மை 2003ல் வெளியானது. அலை பலவீனமானால் வைஃபை தன் வேகத்தை 11லிருந்து 5.5, 2, 1 என்று குறைத்துக்கொள்ளும். ஒரே ஒரு கணினி தூரத்தில் இருந்து 1 மெகாபிட் வேகத்தில் பேசினாலும், ரௌட்டருக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் வேகமும் அதே அளவுக்கு இறங்கிவிடும் என்று பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். பேசும் வாய்ப்பு எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதால், மெதுவாகப் பேசுபவர் மற்றவர்களின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார். தன் கணினியில் கோளாறே இல்லாதவர் அதைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

சுவர்களின் எதிரொலி

அறைக்குள் வானொலி அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவர், பீரோ, தரை என்று எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி வருகிறது. முந்தைய எழுத்தின் எதிரொலி அடுத்த எழுத்தின் மீது விழுகிறது. வேகமாகப் பேசப் பேசக் குழப்பம் அதிகரிக்கும்.

இதற்கு ஒரு சிறந்த தீர்வைத் தந்தது ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அங்கே பணியாற்றிய ஜான் ஓசல்லிவன் ஒரு வானொலி வானியல் அறிஞர். 1970களில், வெடிக்கும் கருந்துளைகளில் இருந்து வரக்கூடிய அலைத்துடிப்பைத் தேடியவர். துடிப்பு கிடைக்கவில்லை. ஆனால் கலங்கி வரும் அலையைத் தெளிவாக்கும் கணிதம் கைவசமானது. 1990களின் தொடக்கத்தில் அவரும் அவர் குழுவினரும் அந்த அறிவை அலுவலக அறைக்குள் கொண்டுவந்தார்கள். ஒரே வேகமான ஓட்டமாக அனுப்பாமல், தகவலைப் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பினால், ஒவ்வொரு எழுத்தும் நீளமாகிவிடும். எதிரொலி அடங்க நேரம் கிடைக்கும். இந்த முறைக்கு 1996ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 802.11ஏ, 802.11ஜி ஆகியவற்றில் இந்த வகை உத்தி இடம்பெற்றது. நீண்ட வழக்குகளுக்குப் பின் 2009லும் 2012லும் பெரிய கணினி நிறுவனங்கள் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வுக்குப் பணம் கொடுத்து உடன்பட்டன. மொத்தத் தொகை 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். வைஃபையை அவர்கள் மட்டுமே கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பல நாட்டினரின் உழைப்பு அதில் இருக்கிறது. எதிரொலியை அடக்கியதில் அவர்கள் பங்கு பெரியது.

எதிரொலி முழுவதும் ஒழிந்துவிடவில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளினால் ஒன்றையொன்று வலுவாக்கும். மடிக்கணினியை ஒரு சாண் நகர்த்தியதும் இணைப்பு சரியாவது இதனால்தான்.

உலோகப் பெட்டியும் டிரைவர் காலமும்

2001ல் வந்த டைட்டானியம் பவர்புக் மடிக்கணினி பார்க்க மிக அழகானது. ஆனால் பிளாஸ்டிக்கால் ஆன விலை குறைந்த ஐபுக்குக்குக் கிடைத்த தூரம் அதற்குக் கிடைக்கவில்லை. உலோகம் அலையைத் தடுக்கும். ஆண்டெனா எங்கே இருக்கிறது, எதனால் மூடப்பட்டிருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை அந்தக் கணினி உலகுக்குக் கற்பித்தது. பின்னர் பல மடிக்கணினிகளில் ஆண்டெனாவைத் திரையின் மேல்விளிம்பில் வைப்பது வழக்கமானது.

2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனத்தின் சென்ட்ரினோ வந்தபின் வைஃபை இல்லாத மடிக்கணினி அரிதாயிற்று. அதோடு மென்பொருள் தொல்லைகளும் பெருகின. விண்டோஸ் எக்ஸ்பி தானே வைஃபையை நிர்வகிக்கும். கணினி நிறுவனம் போட்டுக் கொடுத்த இன்னொரு மென்பொருளும் அதையே நிர்வகிக்கப் பார்க்கும். ஒரே வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் என்ற நிலையில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் நிலை இன்னும் மோசம். பிராட்காம் சில்லு எப்படி இயங்குகிறது என்ற விவரம் வெளியிடப்படாததால், தன்னார்வலர்கள் அதன் இயக்கத்தை வெளியிலிருந்து ஆராய்ந்தே டிரைவர் எழுதினார்கள். அது 2006 ஜூனில் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அந்த நிறுவனமே திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான்.

பாதுகாப்பிலும் இதே கதை. முதலில் வந்த 'வெப்' என்னும் பூட்டை எளிதில் திறக்கலாம் என்று 2001ல் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் ஆகியோர் காட்டினார்கள். அவசரமாக 2003ல் டபிள்யூ.பி.ஏ.வும், 2004ல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தன. கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய கணினி இணைய மறுத்தது இந்த மாற்றத்தின் விளைவு. எக்ஸ்பிக்கு இரண்டாம் பதிப்பைக் கற்றுக்கொடுக்க 2005ல் மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு மேம்படுத்தலை வெளியிட வேண்டியிருந்தது.

சமையலறையும் அண்டை வீடும்

2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. 802.11பி அலையின் அகலமோ 22 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே ஒன்றோடொன்று மோதாமல் இயங்கும் சேனல்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரௌட்டர்கள் இருந்தால் மூன்று அறையில் இருபது குடும்பம் இருப்பது போலத்தான். அங்கேயே ப்ளூடூத்தும் வினாடிக்கு 1600 முறை இடம் மாறித் தாவுகிறது. வைஃபை இருக்கும் இடத்தைத் தவிர்த்துத் தாவும் பழக்கம் அதற்கு வந்தது 2003ல் வெளியான 1.2 பதிப்பில்தான். 2012ல் இன்னொரு காரணத்தை இன்டெல் எழுதியது: யு.எஸ்.பி. 3.0 கருவியும் அதன் வயரும் இதே பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை தடுமாறினால் சந்தேகப்பட வேண்டியது அந்த வயரை.

மைக்ரோவேவ் அடுப்பின் குறும்பு இதிலெல்லாம் பெரியது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் விசித்திரமான துடிப்புகள் பதிவாகி வந்தன. விண்ணிலிருந்து வருபவை போலவே இருந்தன. 2015ல் எமிலி பெட்ராஃபும் சக ஆய்வாளர்களும் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது ஓடி முடிவதற்கு முன்பே யாரோ திறந்ததுதான் காரணம். தொலைநோக்கியை நடத்தியது, சுவர்களின் எதிரொலியை அடக்கிய அதே சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. கலங்கிய அலையைத் தெளிவாக்குவதில் பெயர் பெற்ற நிறுவனத்துக்கே தன் சமையலறை அடுப்பை அடையாளம் காணப் பல ஆண்டுகள் பிடித்தன. வீட்டில் இருப்பவர் கண்டுபிடிக்க முடியாமல் திணறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரேடாருக்கு வழிவிடுதல்

நெரிசல் தாங்காமல் பலர் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறினார்கள். அங்கே சேனல்கள் அதிகம். சுவரைத் தாண்டும் வலிமை குறைவு. அந்தப் பகுதியின் ஒரு பங்கு ரேடாருக்கு உரியது. 2003ல் நடந்த உலக வானொலி மாநாட்டில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ரேடார் துடிப்பு காதில் விழுந்தால் ரௌட்டர் சுமார் 10 வினாடிக்குள் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. விமான நிலையம் அல்லது வானிலை ரேடாருக்கு அருகில் இருப்பவர்களுக்கு இணைப்பு திடீரென்று அறுவதற்கு இது காரணமாக இருக்கலாம். இங்கே ரௌட்டர் கெடவில்லை, விதிக்குக் கீழ்ப்படிகிறது.

வரலாறு காட்டும் வழிமுறை

மேலே கண்டவற்றை வரிசைப்படுத்தினால் கோளாறு தேடும் முறை கிடைத்துவிடும்.

1. குற்றவாளி வைஃபையா, வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பா என்று முதலில் பிரிக்க வேண்டும். ரௌட்டரின் முகவரிக்குப் 'பிங்' அனுப்பிப் பார்க்கலாம். ரௌட்டர் ஒழுங்காகப் பதில் தந்தும் இணையம் வரவில்லை என்றால் வைஃபையைத் தொட வேண்டாம்.

2. அதே இடத்தில் வேறொரு கணினியோ கைபேசியோ சரியாக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இயங்கினால் கோளாறு மடிக்கணினியில். டிரைவரைப் புதுப்பிப்பது, மின்சிக்கனத்துக்காக வைஃபையைத் தூங்க வைக்கும் அமைப்பை நிறுத்துவது ஆகியவை அடுத்த படிகள்.

3. எல்லாக் கருவிகளும் தடுமாறினால் கோளாறு காற்றில். ரௌட்டரை உயரமான, திறந்த இடத்துக்கு மாற்றி, உலோகப் பீரோவிலிருந்து விலக்க வேண்டும். 2.4ல் 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. எந்த நேரத்தில் அறுகிறது என்று இரண்டு நாள் குறித்து வைக்க வேண்டும். சமையல் நேரமா, இரவில் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமா, ஹார்ட் டிஸ்க் செருகிய நேரமா என்பது பாதி விடையைத் தந்துவிடும்.

5. கோடுகளை மட்டும் நம்பக் கூடாது. அவை அலையின் வலிமையைத்தான் காட்டும், இரைச்சலைக் காட்டாது.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது.

முடிவுரை

1985ல் அமெரிக்க ஆணையம் வேறு முடிவு எடுத்திருக்கலாம். அந்த அலைவரிசையைச் சில நிறுவனங்களுக்கு மட்டும் உரிமம் கொடுத்து விற்றிருக்கலாம். அப்போது இணைப்பு ஒருவேளை உறுதியாக இருந்திருக்கும். ஆனால் வீட்டில் ஒரு ரௌட்டர் வைக்க ஒவ்வொருவரும் அனுமதி கேட்டு, மாதந்தோறும் பணம் கட்ட வேண்டியிருந்திருக்கும். ஒரு மாணவர் விடுதியோ சிறு கடையோ தன் விருப்பப்படி ஒரு வலையமைப்பை அமைத்திருக்க முடியாது.

ஊர்ப் பொதுக்கிணற்றில் யாரும் நீர் இறைக்கலாம்; அதனால் வரிசையும் உண்டு, வாளிகள் இடித்துக்கொள்வதும் உண்டு. வைஃபை அப்படிப்பட்ட பொதுக்கிணறு. அதில் இடிபடாமல் நீர் எடுக்கும் வழியைத்தான் ஹவாய்த் தீவிலிருந்து இன்றுவரை பொறியாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை இணைப்பு அறும்போது மடிக்கணினியைத் தட்டுவதற்கு முன், சமையலறையில் அடுப்பு ஓடுகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.